எழுத்துச் சுருக்கமும் குருதிப் பரிசோதனையும்: திருகோணமலையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைத் துறைமுகத்தை அணுகும் வெளிநாட்டுக் கப்பலொன்று தன் பாய்மரத்தில் மஞ்சள் நிறக் கொடியொன்றை ஏற்றுவதுண்டு. அனைத்துலகச் சைகைக் கோவையில் அக்கொடி ‘கியூ’ என்னும் ஓரெழுத்தைக் குறிக்கும். “எனது கப்பலில் நோயில்லை, கரையோடு தொடர்புகொள்ளச் சுகாதார அனுமதி வேண்டுகிறேன்” என்பது அவ்வோரெழுத்தின் பொருளாகும். ஆயின் முற்காலத்திலே மஞ்சட்கொடி தொற்றுநோய்த் தடுப்புக் காவலையே குறித்தது; அதனைக் கண்டோர் விலகிச் சென்றனர். நிறம் மாறவில்லை, பொருள் ஏறத்தாழ எதிர்மறையாக மாறிவிட்டது. கொடியை மட்டும் மனனஞ்செய்து அதன் பொருளைக் கல்லாதவன் நோயற்ற கப்பலைக் கண்டு அஞ்சுவான். குறியீடு என்பது அதனை அறிந்தோர்க்கே மொழி, அறியாதோர்க்கு வெறும் துணி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

துறைமுகத்திற் கொடிக்கு உள்ள இடம் மருத்துவமனையிலே எழுத்துச் சுருக்கத்திற்கு உண்டு. குருதி எடுக்கும் ஊழியர் கையிலுள்ள படிவத்தில் முழுச்சொற்கள் அரிதாகவே காணப்படும். எவ்.பி.சி., ஈ.எஸ்.ஆர்., எவ்.பி.எஸ்., பி.ரி. என இரண்டு மூன்று எழுத்துக்களே அங்கு ஆட்சி செலுத்துகின்றன. முதலாவது முழுமையான குருதிக்கல எண்ணிக்கை. இரண்டாவது செங்குழியங்கள் படியும் வேகம். மூன்றாவது உணவருந்தா நிலையிற் குருதியிலுள்ள வெல்லத்தின் அளவு. நான்காவதின் பொருள் யாது என்பது சற்றுச் சிக்கலான வினா. அதனைப் பின்னர் நோக்குவோம். இச்சுருக்கங்கள் எவ்வாறு தோன்றின, எவ்வழியாக எம்மிடம் வந்தன, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஊழியன் அவற்றை எவ்வாறு கற்கவேண்டும் என்பவற்றைத் திருகோணமலை மாவட்டத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களைச் சுருக்கி எழுதும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. நாள் என்பதற்கு ௳, மாதம் என்பதற்கு ௴, வருடம் என்பதற்கு ௵, மேற்படி என்பதற்கு ௸ எனத் தனிக்குறிகளை எம் முன்னோர் கையாண்டனர். பற்று வரவுக் கணக்கிற்கும் தனிக்குறிகள் இருந்தன. சித்த மருத்துவ ஏடுகளிலே நிறையளவுகள் எண்குறிகளாலும் பின்னக்குறிகளாலும் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டன. இவற்றினும் மேலாக, பரிபாஷை எனப்படும் மறைபொருட் சொல்லாட்சி சித்தரிடையே வழங்கிற்று. அதன் உண்மைப்பொருள் ஆசிரியன் வாயிலாகவே மாணாக்கனுக்கு உணர்த்தப்பட்டது. ஏட்டை வைத்திருந்தமையால் மட்டும் ஒருவன் வைத்தியனாகிவிடவில்லை. இக்காலத்திலே இலங்கைத் தமிழர் இ.போ.ச. எனவும் ப.நோ.கூ.ச. எனவும் எழுதும்போது எவரும் மயங்குவதில்லை. இலங்கைப் போக்குவரத்துச் சபை, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் என்னும் தொடர்களின் பொருள் அவ்வெழுத்துக்களின் பின்னே நிற்பதை யாவரும் அறிவர். எனவே சுருக்கம் என்பது தன்னளவிற் குறையுடையதன்று. பொருளிலிருந்து பிரிந்த சுருக்கமே குறையுடையது.

மேலை மருத்துவத்தின் சுருக்கங்களிற் பழமையானவை இலத்தீன் வழிவந்தவை. உடனடியாக என்பதைக் குறிக்கும் ‘ஸ்ரற்’, நாளுக்கு இருமுறை என்பதைக் குறிக்கும் ‘பி.டி.’, மும்முறை என்பதைக் குறிக்கும் ‘ரி.டி.எஸ்.’ ஆகியன அத்தகையன. இலத்தீன் பேச்சு வழக்கொழிந்த மொழி. ஆகையால் ஐரோப்பாவின் பல நாட்டு மருத்துவருக்கும் அது பொதுமொழியாக அமைந்தது. அம்மருத்துவம் ஈழத்திற்கு வந்தபோது அதன் சுருக்கங்களும் உடன்வந்தன. ஆனால் அவற்றைத் தமிழ் மாணவன் எம்மொழியில் விளங்கிக்கொள்வது என்னும் வினாவை முதன்முதலில் முறையாக எழுப்பி, அதற்கு விடையும் கண்டவர் ஓர் அமெரிக்கர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822 ஆம் ஆண்டு பிறந்த அவர், 1847இல் அமெரிக்க மிசன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டு, 1848இல் மருத்துவ மாணாக்கருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழியாக இருந்தது. ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகம் நாடிச் செல்ல, கிராமத்து நோயாளர் வைத்தியரின்றி இருப்பதை அவர் கண்டார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்டோருள் முப்பதுக்கும் மேற்பட்டோர் தமிழ்வழிக் கற்றவராவர். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் 1884இல் இறக்கும்வரை மொழிபெயர்ப்பு வேலையை அவர் கைவிடவில்லை. இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் முதலியன அவருடைய முயற்சியால் தமிழிற் கிடைத்த நூல்களாகும். கவிஞர் அம்பி 1967இல் வெளியிட்ட ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூல் அவர் பணியை எம் தலைமுறையினர்க்கு மீள அறிமுகப்படுத்திற்று.

கிறீன் எல்லாச் சொற்களையும் தூய தமிழாக்க முயன்றாரல்லர். ‘கெமிஸ்தம்’ என்னும் நூற்பெயரே அதற்குச் சான்று. தமிழிற் பொருத்தமான சொல் உள்ளவிடத்து அதனையும், இல்லாதவிடத்து வடசொல்லையும் பிறமொழிச் சொல்லையும் அவர் ஏற்றார். சொல் எம்மொழிக்குரியது என்பதிலும், கற்பவன் அதன் பொருளைத் தன் மொழியிற் சிந்திக்கிறானா என்பதிலேயே அவர் கருத்து ஊன்றியிருந்தது எனலாம். 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றி ஆங்கிலவழிக் கல்வி நிலைபெற்றபின் மானிப்பாய் மரபு தொடரவில்லை. ஆயினும் கிறீன் எழுப்பிய வினா மறையவில்லை. அது இன்று மருத்துவரிலும் பார்க்கக் குருதி எடுக்கும் ஊழியரையும் ஆய்வுகூடப் பயிலுநரையும் தாதியரையுமே நெருக்கமாகத் தொடுகின்றது.

சுருக்கங்கள் பொதுவாக்கப்படாதவிடத்து நேரும் கேட்டிற்குக் குருதி வகைகளின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும். 1901இல் வியன்னாவிலே காள் லான்ட்ஸ்ரைனர் மனிதக் குருதியை ஏ, பி, சி என மூவகையாகப் பிரித்தார். அடுத்த ஆண்டு அவருடைய உடனாய்வாளர் நான்காம் வகையைக் கண்டனர். பின்னர் 1907இல் யான்ஸ்கி என்பார் நால்வகைக்கும் உரோம எண்களை வழங்கினார். 1910இல் மொஸ் என்பாரும் உரோம எண்களையே வழங்கினார். ஆனால் யான்ஸ்கியின் முதலாம் வகை மொஸின் நான்காம் வகையாகவும், யான்ஸ்கியின் நான்காம் வகை மொஸின் முதலாம் வகையாகவும் அமைந்தன. இரு முறைகளும் பல ஆண்டுகள் அருகருகே வழங்கின. மொஸின் முறையில் ‘நான்கு’ என்பது இன்றைய ஓ வகை, பெரும்பாலார்க்கும் கொடுக்கத்தக்கது. யான்ஸ்கியின் முறையில் ‘நான்கு’ என்பது இன்றைய ஏபி வகை, ஓ வகையினனுக்கு அதனை ஏற்றின் அவனுடைய குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் ஏற்றிய செங்குழியங்களைச் சிதைக்கும், உயிர் போகவுங்கூடும். ஒரே எண், ஒரே எழுத்துவடிவம், இரு பொருள்கள். பொருந்தாக் குருதி ஏற்றுவதற்கு ஆய்வாளனின் அறியாமை தேவைப்படவில்லை. இரண்டு பாடநூல்கள் போதுமாயிருந்தன. 1927 ஆம் ஆண்டளவில் லான்ட்ஸ்ரைனர் ஓ, ஏ, பி, ஏபி என்னும் எழுத்துக்களைப் பொதுவாகக் கைக்கொள்ளுமாறு பிரேரித்தார். அவ்வெழுத்துக்களே பின்னர் உலகெங்கும் நிலைபெற்றன. இன்றுங்கூடச் சில ஐரோப்பிய நாடுகளில் ஓ என்னும் எழுத்து சுழியமாகவே எழுதப்படுகின்றது.

இவ்வொழுங்கின் பயனை இரண்டாம் உலகப்போர் நன்கு புலப்படுத்திற்று. ஐக்கிய அமெரிக்கப் போர்வீரரின் கழுத்திலே தொங்கிய தகட்டில் அவரவர் குருதி வகை ஓரெழுத்தாகவோ ஈரெழுத்தாகவோ பொறிக்கப்பட்டது. மயங்கிக் கிடப்பவன் தன் வாயாற் சொல்லவியலாததை அத்தகடு சொல்லிற்று. 1795இல் ஆங்கிலேயர் கைப்பட்ட திருகோணமலை அப்போரிலே பிரித்தானியக் கடற்படையின் முதன்மைத் தளங்களுள் ஒன்றாயிருந்தது. 1942 ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய வானூர்திகள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றே ‘ஹேமிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது. பல நாட்டவரும் பல மொழியினரும் ஒருங்கே காயமுறும் அத்தகைய வேளையில், குருதிக்குப் பொதுவான எழுத்துக்கள் இருப்பது எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1957இல் அக்கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது.

ஆனால் திருகோணமலை மக்களின் விரல்நுனிக் குருதியை நாடி வந்தது போரன்று, மலேரியாவேயாம். உலர் வலயத்தைச் சேர்ந்த இம்மாவட்டத்தில் அந்நோய் நீண்டகாலம் நிலைகொண்டிருந்தது. இலங்கையில் அதனைப் பரப்பும் தலையாய நுளம்பினமான அனோபிலிஸ் குலிசிபேசிஸ் தெளிந்த தேங்குநீரிற் பெருகுவது. மழை பொய்த்து ஆற்றோட்டம் குன்றும்போது மணற்படுக்கையில் எஞ்சும் குட்டைகள் அதற்கு ஏற்ற இடங்களாகின்றன. 1934–35 ஆம் ஆண்டுகளில் ஈர வலயத்து ஆறுகளே வரட்சியால் அவ்வாறு குட்டைகளாக, நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட பெருங்கொள்ளைநோய் மூண்டது. 1946 முதல் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் பதினேழு நோயாளரே காணப்பட்டனர். தெளித்தல் நிறுத்தப்பட்டது, 1969இல் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

இந்நோயைக் கண்காணிக்க எழுந்த எழுத்துச் சுருக்கங்கள் மூன்று. மக்கட்டொகையில் நூற்றுவருக்கு எத்தனை பேரின் குருதிப்படலம் ஓராண்டிற் பரிசோதிக்கப்பட்டது என்பதைக் கூறுவது ஏ.பி.ஈ.ஆர்.; அஃதாவது ஆண்டுக் குருதிப் பரிசோதனை வீதம். பரிசோதித்த நூறு தகடுகளுள் எத்தனையில் ஒட்டுண்ணி காணப்பட்டது என்பதைக் கூறுவது எஸ்.பி.ஆர். ஆயிரம் பேருக்கு எத்தனை நோயாளர் என்பதைக் கூறுவது ஏ.பி.ஐ.; அஃதாவது ஆண்டு ஒட்டுண்ணி நிகழ்வீதம். மலேரியா ஒழிப்புக் காலத்திலே முதலாவது வீதம் பத்திற்குக் குறையலாகாது என்பது பொதுவிதியாகக் கொள்ளப்பட்டது.

இவற்றின் பொருளறியாது எழுத்துக்களை மட்டும் கற்பதால் விளையும் தீங்கை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 40,000 மக்கள் வாழும் பகுதியொன்றில் 4,000 தகடுகள் எடுக்கப்பட்டு, இருபதில் ஒட்டுண்ணி காணப்பட்டது எனக் கொள்வோம். ஏ.பி.ஐ. ஆயிரத்துக்கு 0.5 ஆகும். அடுத்த ஆண்டு ஊழியர் குறைந்து 400 தகடுகளே எடுக்கப்பட்டு, இரண்டில் மட்டும் ஒட்டுண்ணி காணப்பட்டால் ஏ.பி.ஐ. 0.05 ஆகும். அறிக்கையை மேலோட்டமாக நோக்குவோன் நோய் பத்திலொன்றாகிவிட்டதென மகிழ்வான். ஆனால் ஏ.பி.ஈ.ஆர். பத்திலிருந்து ஒன்றாகியுள்ளது, எஸ்.பி.ஆர். இரு ஆண்டுகளிலும் 0.5 ஆகவே உள்ளது. குறைந்தது நோயன்று, நோக்கியோரின் முயற்சியே. ஒரு துளிக் குருதியைத் தகட்டிற் பூசும் ஊழியன் தன் வேலை இம்மூன்றெழுத்துக்களுள் எதற்குள் சென்று சேர்கிறது என்பதை அறிவானாயின், எடுக்காத தகட்டின் விலையையும் அறிவான்.

தகட்டின் முடிவும் எழுத்துக்களாலேயே எழுதப்படுகின்றது. பிளாஸ்மோடியம் வைவக்ஸ் என்பது பி.வி.; பிளாஸ்மோடியம் பல்சிபாரம் என்பது பி.எவ். தடித்த படலத்தில் ஒட்டுண்ணி உண்டா என்பதும், மெல்லிய படலத்தில் அது எவ்வினம் என்பதும் நுணுக்குக்காட்டியால் ஆராயப்படும். செறிவு கூட்டற்குறிகளால் உணர்த்தப்படும்: நூறு பார்வைப்புலங்களில் பத்துவரை ஒட்டுண்ணிகள் இருப்பின் ஒரு குறி, ஒரே பார்வைப்புலத்திற் பத்துக்கு மேற்படின் நான்கு குறிகள். வைவக்ஸ் ஈரலிலே உறங்கிக்கிடந்து மாதங்கள் கழித்து மீண்டும் எழவல்லது. ஆகவே அதற்கு ஈரலில் உள்ளதையும் அழிக்கும் நீண்ட சிகிச்சை வேண்டும். பல்சிபாரம் அவ்வாறு உறங்குவதில்லை. ஆனால் மூளையைத் தாக்கி விரைவில் உயிரைக் கவரவல்லது. ஓரெழுத்து வேறுபாட்டால் மருந்தும் நாள்களின் எண்ணிக்கையும் உயிராபத்தின் அளவும் வேறுபடுகின்றன.

இவ்விடத்திலேதான் தமிழ் வரிவடிவம் ஒரு தனிச்சிக்கலைத் தோற்றுவிக்கின்றது. ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழிலே ‘பி’ என்றே எழுதப்படுகின்றன. பேச்சிலும் பலர்க்கு அவை ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘பி.எவ்.’ எனின் குருதிப்படலம் என்றும் கொள்ளலாம். பல்சிபாரம் என்றும் கொள்ளலாம். முன்னது எடுக்கப்படும் பொருள். பின்னது அப்பொருளிற் காணப்படும் கொடிய நோய். “பி.எவ். பார்த்தாயிற்று” என்னும் தொடர் இரு பொருள்படுவதைக் காண்க. தொடக்கத்தில் விடுத்துவைத்த ‘பி.ரி.’ என்பதும் அத்தகையதே. அது குருதி வடியும் நேரத்தைக் குறிக்கலாம். 1910இல் டியூக் வகுத்த முறையின்படி காதுமடலிற் சிறிதாகக் கீறி, வடிதல் எப்போது நிற்கிறதென மணிக்கூட்டால் அளந்தறிவது அது, குழாய் வேண்டியதில்லை. அன்றிப் புரோதுரொம்பின் நேரத்தையும் குறிக்கலாம். 1935இல் குயிக் வகுத்த இப்பரிசோதனைக்குச் சோடியம் சித்திரேற்றுக் கரைசல் ஒரு பங்கிற்குக் குருதி ஒன்பது பங்கு சேரும் குழாய் இன்றியமையாதது. இரண்டும் குருதிக் கசிவு தொடர்பானவை என்பதால் சூழ்நிலையைக்கொண்டு பொருள் துணிதலும் எளிதன்று. குருதி ஏற்றுதலையும் சிலர் இவ்வெழுத்துக்களாற் சுட்டுவர். ‘ரி’, ‘டி’ என இரு ஒலிகளை வேறுபடுத்தி எழுதும் ஈழத்து வழக்கு, நாளுக்கு இருமுறை என்னும் ‘பி.டி.’யோடு இவை மேலும் மயங்காது எம்மைக் காக்கின்றது. இதனை எம் எழுத்துமரபின் நற்பயன்களுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

குழாய்களின் மூடிநிறங்களும் ஒருவகைக் குறியீடுகளே. ஊதா மூடியுள்ள குழாயில் ஈ.டி.ரி.ஏ. என்னும் பொருள் உண்டு. அது குருதியிலுள்ள கல்சியத்தைப் பிணித்து உறைதலைத் தடுக்கும். கலங்களை எண்ண உதவும். இளநீல மூடி சித்திரேற்றுக்குரியது. சாம்பல் மூடி வெல்லம் சிதையாது காக்கும் புளோரைட்டிற்குரியது. சித்திரேற்றுக் குழாயை முன்னும் ஈ.டி.ரி.ஏ. குழாயைப் பின்னும் நிரப்பவேண்டும் என்பது விதி. காரணம் யாதெனின், ஈ.டி.ரி.ஏ. பெரும்பாலும் பொற்றாசிய உப்பாகவே இடப்படுகின்றது. அதில் ஒரு துளி அடுத்த குழாயிற் கலப்பினும் பொற்றாசியம் பொய்யாக உயர்ந்தும் கல்சியம் பொய்யாகத் தாழ்ந்தும் காணப்படும். நோயில்லாதவனுக்கு மருத்துவம் செய்யவேண்டிவரும். நிறவரிசையை மனனஞ்செய்தவன் அவசர வேளையில் அதனை மறக்கலாம், ஈ.டி.ரி.ஏ. யாது செய்கின்றது என்பதைத் தன் மொழியில் விளங்கியவன் வரிசையைத் தானே வகுத்துக்கொள்வான்.

எனின், எல்லாச் சுருக்கங்களையும் தமிழெழுத்தாக்கி விடலாமா? அது விவேகமாகாது. திருகோணமலை தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்துறையும் மாவட்டம். 1956 ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகருமமொழியாக்கிற்று. 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தமே தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என விதித்தது. இவ்விரு ஆண்டுகளுக்கும் பின்னரும் ஒரே நோயாளியின் படிவம் பன்மொழியினரின் கைகளிற் செல்கின்றது. சிங்கள மருத்துவர் எழுதுவதைத் தமிழ்த் தாதி வாசிக்கவும், அவர் ஒட்டிய பெயர்ச்சீட்டை முஸ்லிம் ஆய்வுகூட ஊழியர் விளங்கவும் உரோம எழுத்துக்களே பொதுத்தளமாகின்றன. ஐரோப்பியருக்கு இலத்தீன் அமைந்தாற்போல இவை எமக்கு அமைந்துள்ளன. கொடிகளைப் போன்று அனைவர்க்கும் ஒன்றாயிருப்பதே அவற்றின் வலிமை. மாற்றவேண்டியது எழுத்தையன்று, கற்கும் முறையையே.

சுருக்கமே ஆகாதெனத் தள்ளவேண்டியவையும் உள. அலகு என்பதைக் குறிக்க எழுதப்படும் ‘யு’ என்னும் ஆங்கில எழுத்து அவசரக் கையெழுத்திற் சுழியமாகத் தோன்றும். நான்கு அலகு இன்சுலின் நாற்பதாகிவிடும். ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் கூட்டாணையம் 2004இல் இதனையும் வேறுசிலவற்றையும் எழுதலாகாத சுருக்கங்களாகப் பட்டியலிட்டது. முழுச்சொல்லை எழுதுவதற்குச் செலவாகும் நேரம் ஓர் உயிரினும் பெரிதன்று என்பது அப்பட்டியலின் உட்கிடை.

மலேரியாவின் கதை இம்மண்ணில் நன்மையாகவே முடிந்தது. 1999இல் நாடெங்கும் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாகினர். வடக்கும் கிழக்கும் 2009வரை போரால் நலிந்த காலத்திலும் குருதிப்படலம் எடுக்கும் பணி முற்றாக ஓயவில்லை. 2012 ஒக்ரோபருக்குப் பின் உள்நாட்டிற் றோன்றிய நோயாளர் எவரும் காணப்படாமையால், 2016 செத்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடெனச் சான்றளித்தது. ஆயின் நுளம்பு அகன்றுவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து வருவோர் குருதியில் ஒட்டுண்ணி வருதல் கூடும். ஆகவே கப்பல்கள் வந்துசெல்லும் துறைமுக மாவட்டத்தில் காய்ச்சலோடு வருவோனின் விரல்நுனியில் இன்னும் ஒரு துளி எடுக்கவேண்டியுள்ளது. நோயைக் காணாத தலைமுறை ஊழியர்க்குப் பி.வி., பி.எவ். என்பன வெற்றெழுத்துக்களாகிவிடும் ஆபத்து இப்போதே மிகுதி.

இந்நிலையிற் பல்கலைக்கழகத் தமிழ்ச் சமூகம் ஆற்றத்தக்க பணி ஒன்றுண்டு. திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மருத்துவக் கல்வி நடைபெறுகின்றது. இவற்றின் மாணவர் ஒன்றுகூடி, குருதிப் பரிசோதனையில் வழங்கும் சுருக்கங்களுக்குச் சிறு கைந்நூலொன்று ஆக்கலாம். உரோம எழுத்துச் சுருக்கம், அதன் ஆங்கில விரிவு, தமிழ்ப் பொருள், உரிய குழாய், வேண்டிய குருதியளவு, மயங்கத்தக்க பிற சுருக்கங்கள் என்னும் ஆறு நிரல்கள் போதும். அத்தகைய நூல் ஊழியர்க்கு மட்டுமன்றி, தன் குருதி எதற்காக எடுக்கப்படுகின்றது எனக் கேட்கும் நோயாளிக்கு அவன் மொழியில் விடையிறுக்கவும் உதவும். மானிப்பாயிலே கிறீன் ஒருவராய்த் தொடங்கிய பணியின் மிகச்சிறிய பகுதியே இது. பலர் கூடிச் செய்யின் ஓராண்டில் முடியும்.